ராணிக்குப் பிறந்தநாள் பாட்டு: பர்செலும் ஹாண்டலும் எழுதிய வாழ்த்துப்பாக்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்து அரசவையில் ராணியின் பிறந்தநாளுக்கென்றே பாடகர்களும் வாத்தியக்காரர்களும் சேர்ந்து ஒரு நீளமான வாழ்த்துப் பாடலை அரங்கேற்றும் வழக்கம் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் நன்றாக வேரூன்றியிருந்தது. அந்தப் பாடல்களைப் பல வருடமாகக் கேட்டு வருகிறேன். கேட்கச் சொல்லி நண்பர்களை நச்சரித்தும் வருகிறேன். அவர்கள் என்னைத் திருப்பிக் கேட்ட கேள்விகள்தான் இவை. மேற்கத்திய சங்கீதத்தோடு பழக்கமில்லாதவர்களுக்கும் புரியும்படி பதில் சொல்லப் பார்த்திருக்கிறேன்.

‘ஓட்’ என்கிறார்களே, அது என்ன?

வாழ்த்துப்பா. ஒருவரையோ ஒரு நாளையோ புகழ்ந்து பாடும் கவிதை. அதற்கு இசையமைத்து, தனிக்குரல்கள், கோரஸ், வாத்தியக் குழு எல்லாம் சேர்த்தால் நாம் இங்கே பேசப்போகும் பாட்டு. இருபது நிமிடத்திலிருந்து அரை மணி நேரம் வரை ஓடும். கதை இல்லை, வேடம் இல்லை. முதலில் வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும். அப்புறம் ஒருவர் பாடுவார், இருவர் பாடுவார்கள், இடையிடையே கோரஸ் வந்து சேரும், முடிவில் எல்லோரும் பாடுவார்கள்.

அரசனின் பிறந்தநாளைப் பாடுவதற்குத் தமிழில் ‘நாள்மங்கலம்’ என்று ஒரு துறையே உண்டு, பாடாண் திணையில். அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொண்டால் பாதி விளக்கம் முடிந்த மாதிரி.

எந்த ராணி? மொத்தம் எத்தனை பாட்டு?

பெரும்பாலும் பேசப்படுபவர் இரண்டாம் மேரி. 1662 ஏப்ரல் 30 அன்று பிறந்தவர். அப்பா இரண்டாம் ஜேம்ஸ் அரசர், கத்தோலிக்கர். 1688இல் அவரை நாட்டை விட்டு ஓடச் செய்துவிட்டு, மகள் மேரியையும் மருமகன் வில்லியத்தையும் கூட்டாக அரியணையில் ஏற்றினார்கள். முடிசூட்டு விழா 1689 ஏப்ரல் 11. அதற்குப் பத்தொன்பது நாள் கழித்து, ராணியான பிறகு வந்த முதல் பிறந்தநாள். அன்றைக்குத்தான் இசையமைப்பாளர் ஹென்றி பர்செலின் முதல் வாழ்த்துப்பா பாடப்பட்டது. அதிலிருந்து 1694 வரை வருடத்துக்கு ஒன்று, ஆக மொத்தம் ஆறு.

பர்செல் அப்போது முப்பதை எட்டிக்கொண்டிருந்த இளைஞர். இருபது வயதில் லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் ஆர்கன் கலைஞராகப் பொறுப்பேற்றவர். மேரிக்கு முன்னால் இருந்த இரண்டு அரசர்களுக்கும், அதாவது மேரியின் பெரியப்பா இரண்டாம் சார்லஸுக்கும் அப்பா ஜேம்ஸுக்கும், வரவேற்புப் பாடல்கள் எழுதிக் கை பழகியிருந்தார். ஆட்சி மாறினாலும் வேலை மாறவில்லை.

எல்லாம் வெறும் முகஸ்துதிதானே? இதை ஏன் இன்றைக்கு உட்கார்ந்து கேட்க வேண்டும்?

வரிகளை மட்டும் படித்தால் இந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. சூரியன் உங்களைப் பார்த்து வெட்கப்படுகிறான், வருடத்திலேயே பெரிய நாள் இதுதான், தேவதைகள் வரிசையில் நிற்கிறார்கள். இந்த ரீதியில்தான் போகும். அச்சில் இரண்டு பக்கம் படித்தால் கொட்டாவி வரும்.

ஆனால் 1694இல் எழுதிய கடைசிப் பாட்டு, ‘கம் யீ சன்ஸ் ஆஃப் ஆர்ட்’, ‘கலையின் மைந்தர்களே வாருங்கள்’, அதன் வரிகளை ஒரு தடவை கவனமாகப் பாருங்கள். அதற்குள் வரும் முதல் பாட்டில், கலைஞர்களே வாருங்கள், குரல்களைச் சுருதி சேருங்கள், வாத்தியங்களை வாசியுங்கள் என்று அழைப்பு. இரண்டாவதில் ட்ரம்பெட்டை முழக்குங்கள், ஓபோ என்ற ஊதுகுழலைத் துள்ளலாக வாசியுங்கள். அதற்கடுத்து வயலைத் தட்டு, லூட்டைத் தொடு, ஹார்ப்பை எழுப்பு, குழலுக்கு உயிர் கொடு. (வயல், லூட், ஹார்ப் மூன்றும் தந்தி வாத்தியங்கள்.) ராணி எங்கே? இந்த மூன்றாவது பாட்டில்தான் ‘உங்கள் புரவலர்’ என்று ஓரமாகத் தலைகாட்டுகிறார். அதுவரை பேச்சு முழுக்க இசைக்காரர்களைப் பற்றித்தான்.

எனக்குத் தோன்றுவது இது. இந்தப் பாடல்கள் பேருக்குத்தான் ராணியின் விழா. உள்ளே நடப்பது வாத்தியக்காரர்களின் விழா. அரண்மனை செலவு செய்கிறது, நல்ல பாடகர்கள் அத்தனை பேரும் ஒரே அறையில் இருக்கிறார்கள், ஒத்திகைக்கும் நேரம் உண்டு. பர்செல் அதை முழுதாகப் பயன்படுத்திக்கொண்டார். கவிஞருக்கும் இது தெரிந்திருக்கும். அதனால்தான் வாத்தியங்களின் பெயரை அடுக்கிக் கொடுத்திருக்கிறார். ‘தட்டு’, ‘தொடு’, ‘எழுப்பு’ என்ற சொற்களுக்கு இசையில் வேலை இருக்கிறது. ‘மகிமை’க்கு அவ்வளவு வேலை இல்லை.

ஒரே ஒரு பாட்டுக் கேட்டுப் பார்க்கிறேன் என்றால் எது?

அதே பாட்டிலிருந்து ‘சவுண்ட் த ட்ரம்பெட்’. இரண்டரை நிமிடம்தான்.

இரண்டு ஆண்கள் உச்சக் குரலில் மாற்றி மாற்றிப் பாடுவார்கள். முதல் தடவை கேட்கும்போது அவர்களைக் கவனிக்காதீர்கள். கீழே ஓடும் அடிச்சுரத்தை மட்டும் கவனியுங்கள். அது இரண்டு பார் நீளம், நம்மூர் பாஷையில் இரண்டு சின்ன ஆவர்த்தனம் என்று வைத்துக்கொள்ளலாம். துறுதுறுவென்று ஓடிப்போய் மறுபடி தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கும். முடிந்த கையோடு அதே வரி மறுபடியும். பாட்டு முடியும்வரை இது நிற்பதே இல்லை. இதற்கு கிரவுண்ட் பேஸ் என்று பெயர். பர்செலுக்கு இதன்மேல் பைத்தியம் என்றே சொல்லலாம்.

இப்போது இரண்டாவது தடவை கேளுங்கள், மேலே உள்ள குரல்களோடு சேர்த்து. அடிச்சுரம் இரண்டு பாருக்கு ஒரு தடவை முடிகிறது. ஆனால் குரல்கள் அங்கே முடிப்பதில்லை. ஒருவர் வாக்கியத்தை முடிக்கும்போது கீழே சுற்று பாதியில் இருக்கும். கீழே சுற்று புதிதாகத் தொடங்கும்போது மேலே ஒருவர் ஒரு நீண்ட சுரத்தைப் பிடித்து நின்றுகொண்டிருப்பார். தையல் எங்கே என்று கண்டுபிடிக்க முடியாதபடி துணியை ஒட்டியிருக்கிறார். நடுவில் அடிச்சுரம் அப்படியே வேறு சுருதிக்கு நகர்ந்து போய்விட்டுத் திரும்பி வரும். மேசையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே கேட்டால் சுலபமாகப் பிடிபடும். ஆறேழு தடவை கேட்ட பிறகுதான் எனக்கு இது பிடிபட்டது.

‘ட்ரம்பெட்டை முழக்குங்கள்’ என்று பாடுகிறார்கள். ட்ரம்பெட் சத்தத்தையே காணோமே?

நானும் முதல் தடவை இதற்காகத்தான் காத்திருந்தேன். வராது. பாட்டு முழுக்க அடிச்சுர வாத்தியங்கள் மட்டும்தான். ட்ரம்பெட் வேலையைக் குரல்களே செய்கின்றன. ‘சவுண்ட்’ என்ற சொல்லை அவர்கள் இழுத்துச் சுழற்றுவதைக் கேட்டால் தெரியும்.

இதில் ஒரு உள்குத்து இருக்கிறது. பாட்டின் வரி, ‘கேட்டுக்கொண்டிருக்கும் கரைகள் எதிரொலிக்கும்வரை முழக்குங்கள்’ என்று போகும். கரை என்பதற்கு ஆங்கிலத்தில் ‘ஷோர்’. அன்றைய அரசவை ட்ரம்பெட் குடும்பத்தின் பெயரும் ஷோர்தான். அப்பா மத்தியாஸ் ஷோர் அரசவை ட்ரம்பெட்காரர்களின் தலைவர், மகன்கள் வில்லியமும் ஜானும் அதே தொழில். ஆக, ‘கேட்டுக்கொண்டிருக்கும் ஷோர்கள்’ வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு வாய் பேசாமல் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் இரண்டு பாடகர்கள் ‘ட்ரம்பெட்டை முழக்கு, முழக்கு’ என்று அவர்கள் பிழைப்பையே பாடிக் காட்டுகிறார்கள். அந்த அறையில் இருந்தவர்கள் சிரிக்காமல் இருந்திருக்க முடியாது.

அந்த ஜான் ஷோர்தான் பின்னாளில், 1711இல், சுருதி பார்க்கும் டியூனிங் ஃபோர்க்கைக் கண்டுபிடித்தவர். பள்ளிக்கூட இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ரப்பர் கட்டையில் தட்டிக் காதருகே வைத்துப் பார்த்தோமே, அதேதான்.

அந்தக் காலத்து ட்ரம்பெட் இன்றைய ட்ரம்பெட் மாதிரிதானா?

இல்லை. அதற்குப் பொத்தான்கள் கிடையாது. வெறும் நீளக் குழாய். உதட்டின் இறுக்கத்தை மாற்றித்தான் சுரம் மாற வேண்டும். கீழ்ப்பகுதியில் சுரங்களுக்கு இடையே பெரிய இடைவெளிகள் இருக்கும், உச்சத்தில் போனால்தான் அடுத்தடுத்த சுரங்கள் கிடைக்கும். அதனால் ட்ரம்பெட் வருகிற பாட்டுகள் பெரும்பாலும் அந்தக் குழாய்க்கு ஏற்ற ஒரே சுருதியில் இருக்கும். பாட்டு வேறு சுருதிக்கு நகர்ந்தால் ட்ரம்பெட்காரர் சும்மா இருக்க வேண்டியதுதான். 1689இன் முதல் வாழ்த்துப்பாவில் தந்தி வாத்தியங்கள் மட்டும்தான். ட்ரம்பெட்டும் ஓபோவும் மறு வருடத்திலிருந்து உள்ளே வருகின்றன.

ஆண்கள் ஏன் இவ்வளவு உச்சக் குரலில் பாடுகிறார்கள்?

அந்தக் குரலுக்கு கவுன்டர்டெனர் என்று பெயர். இயற்கையான குரலா, பொய்க்குரலா என்பதில் அறிஞர்களுக்குள் இன்னமும் சண்டை. பர்செல் காலத்தில் இரண்டு வகையும் இருந்திருக்கலாம் என்பதுதான் நியாயமாகப் படுகிறது. சில பாட்டுகள் மேலே எட்டும் டெனர் குரல்காரர்களுக்கு (டெனர் என்பது ஆண்களின் இயல்பான மேல்குரல்) வசதியாக இருக்கின்றன, சில அவர்களுக்கு எட்டாது.

இடையில் இந்தக் குரல் தேவாலயப் பாடகர் குழுக்களுக்குள் ஒடுங்கிப்போய்விட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கான்டர்பரி பேராலயத்தில் பாடிக்கொண்டிருந்த ஆல்ஃபிரட் டெல்லரை இசையமைப்பாளர் மைக்கேல் டிப்பெட் கேட்டு, லண்டன் மேடைக்கு அழைத்து வந்தார். டெல்லரின் பழைய ஒலிப்பதிவுகளில் கரகரப்பு உண்டு, வாத்தியங்களும் இன்றைய ரசனைக்குக் கொஞ்சம் கனமாக ஒலிக்கும். இருந்தாலும் ‘ஸ்ட்ரைக் த வயல்’ பாட்டை இரண்டு ரெக்கார்டர் குழல்களுக்கு நடுவே ஒரு கவுன்டர்டெனர் பாடுவதைக் கேட்டால், இந்தக் குரல் ஏன் என்ற கேள்வி அப்புறம் எழாது.

ராணி உண்மையிலேயே இதையெல்லாம் ரசித்தாரா?

இதற்கு ஒரு கதை இருக்கிறது. 1776இல் ஜான் ஹாக்கின்ஸ் என்பவர் தன் இசை வரலாற்றில் எழுதி வைத்தது.

ஒரு நாள் பிற்பகல் மேரிக்குப் பாட்டுக் கேட்க வேண்டும் போலிருந்தது. மூன்று பேருக்கு ஆள் போனது. ஆழமான கட்டைக் குரலுக்குப் பேர்போன ஜான் காஸ்ட்லிங், லூட் வாசித்துக்கொண்டே பாடும் அரபெல்லா ஹன்ட், அப்புறம் பர்செல். பர்செல் ஹார்ப்சிகார்ட் என்ற கீபோர்டு வாத்தியத்தில் உட்கார, மற்ற இருவரும் அவருடைய பாடல்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பாடினார்கள். கொஞ்ச நேரத்தில் ராணிக்கு அலுப்புத் தட்டியது. ஹன்ட் அம்மையாரைப் பார்த்து, ‘கோல்ட் அண்ட் ரா’ தெரியுமா, அதைப் பாடுங்களேன் என்றார். அது தெருவில் எல்லோர் வாயிலும் புரண்ட ஒரு நாட்டுப்பாட்டு. ஹன்ட் லூட்டை எடுத்து வாசித்துப் பாடினார். பர்செல் ஹார்ப்சிகார்ட் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சுருக்கென்று தைத்தது. ராணிக்கு அந்த மெட்டு அவ்வளவு பிடிக்குமா, சரி, இன்னொரு தடவையும் கேட்கட்டும் என்று மனதில் வைத்துக்கொண்டார்.

அடுத்து வந்த பிறந்தநாள் 1692. அந்த வருட வாழ்த்துப்பாவில், ராணியின் நல்ல நடத்தையைப் பார்த்து நாட்டின் தீமைகள் ஓடட்டும் என்று ஒரு பாட்டு. மேலே குரல் பர்செலின் மெட்டில் பாடுகிறது. கீழே அடிச்சுரமாக ஓடுவது, அச்சு அசலாக, ‘கோல்ட் அண்ட் ரா’.

ஹாக்கின்ஸ் எழுதியது சம்பவம் நடந்து எண்பது வருடத்துக்கும் மேல் கழித்து. ஆகவே பிற்பகல், அலுப்பு, கோபம் எல்லாம் செவிவழிச் செய்தி. ஆனால் அடிச்சுரத்தில் அந்த மெட்டு இருப்பது உண்மை. இன்றும் கேட்டுச் சரிபார்க்கலாம். கோபத்தில் செய்தாரா, ராணியைக் குஷிப்படுத்தச் செய்தாரா? கோபமாகவே இருக்கட்டும். அதைத் தீர்த்துக்கொண்ட விதம் எவ்வளவு நாகரிகம்! உங்களுக்குப் பிடித்ததை உங்களுக்கே கொடுக்கிறேன், ஆனால் மேலே உட்காருவது என் பாட்டுத்தான்.

வரிகளை எழுதியது யார்?

வருடத்துக்கு ஒருவர். 1689இல் தாமஸ் ஷாட்வெல், 1690இல் தாமஸ் டர்ஃபி, 1692இல் சர் சார்ல்ஸ் செட்லி, 1693இல் நேஹம் டேட். 1691க்கு எழுதியவர் பெயர் கிடையாது. 1694ஐயும் டேட் கணக்கில்தான் வழக்கமாக எழுதுகிறார்கள்.

ஷாட்வெல் அரசவைக் கவிஞர் பதவிக்கு வந்ததே ஆட்சி மாற்றத்தால்தான். அந்த இடத்தில் இருந்த டிரைடன் கத்தோலிக்கராகிவிட்டிருந்தார். புதிய ஆட்சிக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்ததால் பதவி போயிற்று.

செட்லி கதை இன்னும் ருசி. அவருடைய மகள் கேத்தரின், மேரியின் அப்பா ஜேம்ஸுக்கு ஆசைநாயகி. ஜேம்ஸ் அவரைச் சீமாட்டியாக்கினார். பிற்பாடு ஜேம்ஸைத் துரத்தும் பக்கம் செட்லி நின்றபோது, ‘அரசர் என் மகளைச் சீமாட்டியாக்கினார், பதிலுக்கு அவர் மகளை நான் ராணியாக்க வேண்டாமா?’ என்றாராம். அப்படிப்பட்டவர் எழுதிய வரிகளில்தான் ராணியின் ஒழுக்கத்தைக் கண்டு தீமைகள் ஓடுகின்றன.

டேட் எழுதியதாகச் சொல்லப்படும் ஒரு பாட்டை நீங்களே தமிழில் பாடியிருக்கக்கூடும். கிறிஸ்துமஸுக்கு நம் தேவாலயங்களில் பாடும் ‘ராக்காலம் பெத்லேம் மேய்ப்பர்கள்’ 1700இல் அச்சேறிய அந்த ஆங்கிலப் பாட்டின் தமிழ் வடிவம்தான். கவிஞர் என்ற முறையில் டேட்டுக்கு இங்கிலாந்தில் அவ்வளவாக மதிப்பில்லை. ஆனால் இசையமைப்பாளருக்கு வேண்டியதை எழுதிக் கொடுக்கத் தெரிந்தவர். பர்செலின் ‘டைடோ அண்ட் ஈனியாஸ்’ நாடகத்துக்கும் எழுதியவர் அவர்தான்.

1690ஆம் வருடப் பாட்டு ஏன் நடுவில் ராணியை விட்டுவிட்டு ராஜாவிடம் போகிறது?

வில்லியம் அந்தக் கோடையில் அயர்லாந்துக்குப் படையோடு கிளம்பவிருந்தார். மாமனார் ஜேம்ஸ் அங்கே வந்து இறங்கியிருந்தார். பாட்டில் ‘யூசீபியா’ என்று ஒரு பெண் அழுகிறாள். அவள் இங்கிலாந்துத் திருச்சபை. போகாதே என்கிறாள். உடனே ‘புகழ்’ வந்து, போ, போ என்கிறது. அதோடு பாட்டு முடிகிறது. கவிஞர் அதற்கு மேலும் எழுதியிருந்தார், பர்செல் இசையமைக்கவில்லை. ஆக, மனைவியின் பிறந்தநாள் பாட்டு கணவனைப் போருக்கு வழியனுப்பி முடிகிறது. ஜூலை முதல் தேதி பாய்ன் ஆற்றங்கரையில் வில்லியம் ஜெயித்தார்.

ஒரு நாள் பாடுவதற்குத்தான் இவ்வளவு உழைப்பா? அப்புறம் என்ன ஆயிற்று?

ஆமாம், ஒரு நாளுக்குத்தான். அடுத்த வருடம் புதுப் பாட்டு. ராணி பெயர் போட்ட வரிகளை வேறு எங்கே பாட முடியும்?

பர்செல் சிக்கனக்காரர். நல்லதை வீணாக்கவில்லை. ‘கம் யீ சன்ஸ்’ தொடக்க இசையின் பகுதிகளை மறு வருடம் ‘இந்தியன் குவீன்’ நாடகத்துக்கு எடுத்துக்கொண்டார். (பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது நம் இந்தியா இல்லை, மெக்சிகோவும் பெருவும்.)

‘கம் யீ சன்ஸ்’ பாட்டின் மூலப் பிரதி, பர்செல் கையால் எழுதியது, தொலைந்துபோய்விட்டது. நமக்கு முழுதாகக் கிடைப்பது 1765இல் ராபர்ட் பிண்டார் என்பவர் எடுத்த நகல், எழுபது வருடம் பிந்தியது. நகலெடுத்தவர் தன் காலத்து ரசனைப்படி கை வைத்திருக்கிறார். நாம் இவ்வளவு கொண்டாடும் பாட்டில் எது பர்செல், எது பிண்டார் என்று பிரிப்பது இன்றைய பதிப்பாசிரியர்களுக்கு ஓயாத வேலை. இறுதிக் கோரஸில் முரசு கேட்டால், ஒலிப்பதிவுக் குறிப்பில் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். இந்த விஷயத்தில் பதிப்புக்குப் பதிப்பு முடிவு மாறும்.

மேரிக்குப் பிறகு?

1692 பாட்டின் கடைசி வரிகள், ராணி விண்ணுலகம் போவது தாமதமாகட்டும், அன்று தேவதூதர்கள் மகிழும் அளவுக்கு இங்கே நாங்கள் அழுவோம் என்கின்றன. பிறந்தநாளில் சாவுப் பேச்சு. பர்செல் அதை ஆரவாரம் இல்லாமல், கொஞ்சம் இருண்டாற்போலவே முடிக்கிறார். ஆறு பாட்டுகளிலும் எனக்கு அதிகம் பிடித்த முடிவு இதுதான்.

தாமதமாகவில்லை. 1694 டிசம்பரில் மேரிக்குப் பெரியம்மை கண்டது. 28ஆம் தேதி இறந்தார், வயது முப்பத்திரண்டு. 1695 மார்ச் 5 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நல்லடக்கம். அந்த ஊர்வலத்துக்கும் பர்செல்தான் இசை. அதே வருடம் நவம்பர் 21 அன்று பர்செலும் போய்விட்டார், முப்பத்தாறு வயதில். ராணிக்காக எழுதிய இறுதிச் சடங்கு இசையை அவர் அடக்கத்தின்போதும் பாடினார்கள். அபேயில் ஆர்கனுக்கு அருகே புதைத்தார்கள்.

ஹாண்டல் எழுதியதும் மேரிக்கா?

இல்லை, மேரியின் தங்கை ஆனுக்கு. பிறந்தநாள் பிப்ரவரி 6. ‘எடர்னல் சோர்ஸ் ஆஃப் லைட் டிவைன்’, ‘தெய்வீக ஒளியின் நித்திய ஊற்றே’ என்று தொடங்கும். 2018 மே மாதம் இளவரசர் ஹாரி, மேகன் திருமணத்தில் மணப்பெண் நடந்து வரும்போது பாடியது இதன் முதல் பாட்டுத்தான். அன்றைக்குப் பாடியது சொப்ரானோ, அதாவது பெண்ணின் உச்சக் குரல். ஹாண்டல் எழுதியது ஆணின் ஆல்டோ குரலுக்கு, அதாவது கவுன்டர்டெனருக்கு.

இங்கே ட்ரம்பெட் நிஜமாகவே வரும். தந்தி வாத்தியங்கள் அசையாமல் ஒரே சுரக்கூட்டைப் பிடித்து நிற்க, பாடகர் ‘எடர்னல்’ என்ற ஒற்றைச் சொல்லை மெல்ல நீட்டுவார். ட்ரம்பெட் அதை அப்படியே வாங்கித் திருப்பிச் சொல்லும். தாளமே இல்லாத மாதிரி இருக்கும், ஆலாபனை கேட்டுப் பழகிய காதுக்கு இது சட்டென்று ஒட்டிக்கொள்ளும்.

ஹாண்டல் 1710இல் லண்டனுக்கு வந்த ஜெர்மானியர். ஆங்கிலம் இன்னும் கைவரவில்லை. வரிகளை எழுதியதாகச் சொல்லப்படுபவர் ஆம்ப்ரோஸ் ஃபிலிப்ஸ். வழவழா என்று எழுதுவதைக் கேலி செய்ய ஆங்கிலத்தில் ‘நாம்பி பாம்பி’ என்று ஒரு சொல் உண்டு. அது பிற்காலத்தில் இவரைக் கிண்டலடிக்கப் பிறந்த சொல். ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் கோரஸ் ஒரே இரண்டு வரியைப் பாடும். உலகில் நிலையான அமைதியை நாட்டிய ஆன் பிறந்த நாள் இது என்று. அது, ஐரோப்பாவில் நெடுநாள் நடந்த போரை முடித்த உட்ரெக்ட் உடன்படிக்கை 1713இல் கையெழுத்தாகும் தறுவாய். ஏழு தடவை அதே இரண்டு வரி, ஏழு தடவையும் வேறு இசை.

இது ஆன் முன்னால் பாடப்பட்டதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆனால் அந்த வருடக் கடைசியில் ஹாண்டலுக்கு ஆண்டுக்கு 200 பவுண்டு மானியம் கொடுக்க ராணி உத்தரவிட்டார். பாட்டு வீணாகப் போகவில்லை.

ஹாண்டல் பாட்டுக்குச் சிலர் 1712 என்கிறார்கள், சிலர் 1713. எது சரி?

அன்றைய இங்கிலாந்தில் சட்டப்படி வருடம் பிறந்தது மார்ச் 25 அன்று. எனவே பிப்ரவரி 6 அவர்களுக்கு இன்னும் 1712, நமக்கு 1713. இது போதாதென்று அவர்கள் பழைய ஜூலியன் நாள்காட்டியை வைத்திருந்தார்கள். மேரியின் ஏப்ரல் 30 அப்போதைய ஐரோப்பாவின் பெரும்பகுதியில் மே 10. நான் இங்கே கொடுத்த இங்கிலாந்துத் தேதிகள் எல்லாம் பழைய கணக்கு, வருடம் மட்டும் நம் கணக்கு.

எங்கள் கொயரில் இருபது பேர்தான். இதில் ஏதாவது பாட முடியுமா?

தாராளமாக. ‘கம் யீ சன்ஸ்’ தொடக்கக் கோரஸிலிருந்து ஆரம்பியுங்கள். முதலில் ஒரு தனிக்குரல் மெட்டைப் பாடிக்காட்டும், அதையே நாலு குரலில் கோரஸ் திருப்பிப் பாடும். மெட்டு காதில் விழுந்த பிறகுதான் உங்கள் முறை வருகிறது என்பதால் பயம் குறைவு. தனிக்குரலுக்கு ஆல்டோ பெண்மணி ஒருவர் போதும்.

‘சவுண்ட் த ட்ரம்பெட்’டை இரண்டு சொப்ரானோக்கள் பாடுவது எங்கும் நடப்பதுதான். கீபோர்டு வாசிப்பவரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இடது கைக்கு ஓய்வே கிடையாது என்று. வேகத்தை ஒத்திகையிலேயே தீர்மானித்துவிடுங்கள். அந்த அடிச்சுரம் ஓட ஓட வேகம் கூடிக்கொண்டே போகும். கடைசிப் பக்கத்தில் பாடுகிறவர்களுக்கு மூச்சு முட்டும்.